மசாலா சேர்த்த கறுப்பு பெல்ஜிய ஏல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெல்ஜியத்துக்கு வேலைக்கு வந்த பிறகு, குளிர்காலத்தில் வீட்டுக்கு வருகிற நண்பர்கள் முன்னால் ஒரு பாட்டிலைத் திறந்து வைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கௌடன் கரோலஸ் கிறிஸ்துமஸ் என்று பெயர், ஏல் என்ற வகை பீர். கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம், 10.5 சதவீத ஆல்கஹால், உள்ளே ஆறு வகை மசாலாவும் மூலிகையும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அடுத்த டிசம்பரில் வாய் வலிக்காது என்றுதான் இது.

பீரில் மசாலாவா? இது என்ன புதுக் கூத்து?

புதுசெல்லாம் இல்லை, இதுதான் பழசு. கசப்புக்கும் வாசனைக்கும் போடுகிற ஹாப் பூ பீருக்குள் நிலைபெறுவதற்கு முன்னால் ஐரோப்பாவின் இந்தப் பக்கத்தில் குரூட் என்ற மூலிகைக் கலவையைப் போட்டுத்தான் பீர் காய்ச்சினார்கள். சதுப்பு நிலத்தில் வளரும் வாசனைச் செடிகள்தான் அதில் பிரதானம். அந்தக் கலவையை விற்கும் உரிமை ஊருக்கு ஒருவர் கையில் இருந்தது. அது கிட்டத்தட்ட வரி வசூல் மாதிரி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு சொந்தமாகக் காய்ச்ச முடியாது. புரூஜ் நகரத்தில் அந்த உரிமையை வைத்திருந்த குடும்பத்துக்குப் பெயரே குரூட்ஹூஸ். அவர்கள் கட்டிய மாளிகை இன்றைக்கு அருங்காட்சியகம். மூலிகைப் பொட்டலம் விற்ற காசில் எப்படிப்பட்ட வீடு கட்டலாம் என்று போய்ப் பார்த்தால் தெரியும்.

அப்புறம் ஹாப் வந்தது, பீர் சீக்கிரம் கெடாமல் பார்த்துக்கொண்டது, குரூட் ஒதுங்கியது. 1516-இல் பவேரியாவில் பீருக்கு பார்லி, ஹாப், தண்ணீர் மட்டும்தான் என்று சட்டம் போட்டார்கள். பெல்ஜியத்தில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை. கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், சர்க்கரை எல்லாம் இங்கே பீர்ச் சட்டியை விட்டுப் போகாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஜெர்மன் நண்பர் யாரையாவது கூட உட்கார வைத்துக்கொண்டு இதைக் குடியுங்கள், முகத்தைப் பார்க்க நன்றாக இருக்கும்.

இந்த பாட்டில் எங்கிருந்து வருகிறது?

பிரஸ்ஸல்ஸுக்கும் ஆன்ட்வெர்ப்புக்கும் நடுவில் மெக்கெலன் என்று ஒரு ஊர். ரயிலில் பிரஸ்ஸல்ஸிலிருந்து அரை மணிக்குள் போய்விடலாம். அங்கே ஹெட் ஆங்கர் என்ற பீர் ஆலை இருக்கிறது. நங்கூரம் என்று அர்த்தம். அது இருக்கும் இடம் பெகின் பெண்கள் குடியிருந்த பகுதி. பெகின்கள் கன்னிமாடத்தில் சேராமலே கூட்டாகத் துறவு போல வாழ்ந்தவர்கள். அவர்கள் தங்கள் மருத்துவமனைக்காகக் காய்ச்சிய பீருக்கு வரி வேண்டாம் என்று 1471-இல் பர்கண்டி கோமகன் சார்லஸ் விலக்கு கொடுத்தார். அந்தக் காலத்தில் நோயாளிக்குத் தண்ணீரைவிட பீர் பத்திரம் என்ற நம்பிக்கை. 1872-இல் வான் பிரேடாம் குடும்பம் இந்த ஆலையை வாங்கியது.

கரோலஸ் என்பது பேரரசர் ஐந்தாம் சார்லஸ். 1500-இல் கென்ட் நகரத்தில் பிறந்து, மெக்கெலனில் அத்தை மார்கரெட்டிடம் வளர்ந்தவர். அவர் பெயரில் அடித்த தங்கக் காசுதான் கௌடன் கரோலஸ். கடையில் கேட்கும்போது ‘ஹௌடன்’ என்று கொஞ்சம் தொண்டையிலிருந்து சொல்லுங்கள், கடைக்காரர் மகிழ்ந்துபோவார்.

அந்த ஊர்க்காரர்களுக்கு ‘நிலாவை அணைத்தவர்கள்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. 1687 ஜனவரியில் ஒரு ராத்திரி, ருமோல்ட் தேவாலயக் கோபுரம் தீப்பிடித்து எரிகிறது என்று ஒருவர் கத்த, ஊரே வாளியும் கையுமாகப் படியேறியது. மேலே போய்ப் பார்த்தால் மூடுபனிக்குப் பின்னால் நிலா. இந்தப் பட்டப்பெயரிலும் ஹெட் ஆங்கர் ஒரு பீர் போடுகிறது. இந்தக் கதைக்கும் நம் பாட்டிலுக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் இரண்டாவது மிடறில் எப்படியும் நான் இதைச் சொல்லிவிடுவேன்.

அந்த ஆறு மசாலா என்னென்ன?

ஆலைக்காரர்கள் வாய் திறப்பதில்லை. மூன்று வகை ஹாப், ஆறு வகை மூலிகையும் மசாலாவும் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். என் நாக்குக்குப் படுவது அதிமதுரமும் அன்னாசிப்பூவும். அதற்கு மேல் சொன்னால் குறி சொல்கிற மாதிரி ஆகிவிடும்.

பொதுவாக பெல்ஜியத்தில் பீருக்குள் போகிற பொருட்களைச் சொல்கிறேன். முதலில் கொத்தமல்லி விதை. நம் சாம்பாருக்கு வறுத்து அரைக்கிற அதே மல்லிதான், ஆனால் இங்கே வறுக்க மாட்டார்கள். பச்சையாக நசுக்கி, கொதி முடிகிற கடைசி நிமிடங்களில் போடுவார்கள். வறுக்காத மல்லியை உள்ளங்கையில் கசக்கி மோந்து பாருங்கள், எலுமிச்சைத் தோல் வாசனை வரும். வறுத்த பிறகு அது போய் வேறு வாசனை வந்துவிடுகிறது. நம்மில் பாதிப் பேருக்கு பீரில் இருக்கும் மல்லி பிடிபடாததற்கு இதுதான் காரணம். நமக்குத் தெரிந்தது வறுத்த மல்லி. ஒரு வேடிக்கை என்னவென்றால், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களில் பலர் மல்லி வாங்க இந்தியக் கடைக்குத்தான் போகிறார்கள். சின்ன உருண்டை விதையைவிட நம் ஊர் நீள்வாட்டு விதையில் எலுமிச்சை வாசம் தூக்கல் என்பது அவர்கள் கணக்கு.

அடுத்தது குராசோ ஆரஞ்சுத் தோல். கமலா ஆரஞ்சின் இனிப்பு வாசனையை எதிர்பார்க்காதீர்கள். கசப்பு. நார்த்தங்காய் ஊறுகாய் போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. அப்புறம் பட்டை, அதிமதுரம், இஞ்சி, அன்னாசிப்பூ, சில இடங்களில் தைம் இலை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஒரு விதையும் உண்டு. இஞ்சி, ஏலக்காய் குடும்பம், ஆனால் கடித்தால் மிளகு மாதிரி சுர்ரென்று இருக்கும். அதை இங்கே ‘சொர்க்கத்து மணி’ என்கிறார்கள்.

கிராம்பு வாசனை தூக்கலாக வருகிறதே. கிராம்பைக் கொட்டியிருக்கிறார்களா?

இந்தக் கேள்விக்காகத்தான் மொத்தத்தையும் எழுத உட்கார்ந்தேன்.

நிறைய பெல்ஜிய பீர்களில் நம் மூக்கு கிராம்பு என்று சொல்வது கிராம்பே இல்லை, ஈஸ்ட் செய்கிற வேலை. மால்ட்டில், அதாவது முளைக்க வைத்துக் காயவைத்த பார்லியில், ஃபெருலிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. பெல்ஜிய ஏல் ஈஸ்டுகள் அதை 4-வினைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றுகின்றன. கிராம்பில் இருப்பது யூஜெனால். இரண்டும் நெருங்கிய சொந்தம், அதனால் வாசனையும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரி. வாழைப்பழ வாசனை வந்தாலும் வாழைப்பழம் போடவில்லை. அதே ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர் என்ற வாசனைப் பொருள். மிளகு மாதிரி தொண்டையில் ஒரு குறுகுறுப்பு வந்தால் அதற்கும் பெரும்பாலும் ஈஸ்டும் ஆல்கஹாலும்தான் காரணம்.

நம்பிக்கை வரவில்லையா? வெஸ்ட்மால் டுப்பல் ஒன்று வாங்குங்கள். துறவிகள் காய்ச்சுவது, 7 சதவீதம், பழுப்பு நிறம், மசாலா என்று ஒன்றும் கிடையாது. அதிலும் உங்கள் மூக்கு மசாலாவைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். முதலில் அதைக் குடித்துவிட்டு, பிறகு கிறிஸ்துமஸ் பாட்டிலைத் திறங்கள். எது ஈஸ்ட், எது உண்மையான மசாலா என்று அப்போதுதான் பிரித்துச் சொல்ல முடியும்.

நம்மவர்கள் இதில் ஏமாறுவதற்குக் காரணம் அஞ்சறைப் பெட்டி. வாசனை வந்ததும் பெயர் சொல்லிப் பழகியவர்கள் நாம். ரசம் கொதிக்கும்போது பெருங்காயம் போட்டாச்சா இல்லையா என்று அடுத்த அறையிலிருந்தே சொல்கிற ஆட்கள். அந்தப் பழக்கத்தோடு இந்த கிளாஸை மோந்தால், ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டிப்போடத்தான் மனசு ஓடும். ஆனால் நல்ல பெல்ஜியக் காய்ச்சுநர் பெயர் சொல்ல முடியாத அளவுக்குத்தான் மசாலா போடுவார். இது மல்லி என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது என்றுதான் அவர் நினைப்பார். ரோஷ்ஃபோர் மடத்து பீரில் கொத்தமல்லி கொஞ்சம் போடுகிறார்கள். வருஷக்கணக்காகக் குடிக்கிறவர்களில் எத்தனை பேர் அதைத் தானாகக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இவ்வளவு கறுப்பாக இருக்கிறதே, காபி மாதிரி கசக்குமா?

கசக்காது. கருக வறுத்த தானியத்தால் கறுப்பாவது ஸ்டவுட். கின்னஸ் அந்த ரகம். இதில் நிறம் பெரும்பாலும் கேரமல் மால்ட்டிலிருந்தும், இந்த வகை பீர்களில் போடும் கருஞ்சர்க்கரையிலிருந்தும் வருகிறது. அந்தச் சர்க்கரையை இங்கே கேண்டி என்கிறார்கள். நம் கற்கண்டில் இருக்கும் ‘கண்டு’ம் அந்தக் ‘கேண்டி’யும் ஒரே வேர் என்று சொல்வதுண்டு. பொருளும் கிட்டத்தட்ட அதேதான். கட்டியாகவும் வரும், காய்ச்சுகிறவர்கள் அதிகம் வாங்குவது கருகருவென்ற பாகு.

கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது, பதம் வருவதற்குச் சற்று முன்னால் அடுப்பங்கரையில் சுற்றுமே ஒரு வாசனை, அதை நினைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த அத்திப்பழம், திராட்சை, கொஞ்சம் கேரமல். ஆனால் வாயில் இனிப்பு அவ்வளவாகத் தங்காது. சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது, வாசனை மட்டும் மிஞ்சுகிறது. 10 சதவீதத்துக்கு மேல் போயும் பாயசம் மாதிரி கனக்காமல் இருப்பது இதனால்தான்.

எவ்வளவு குளிர்ச்சியில் குடிக்க வேண்டும்?

10 முதல் 12 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். ஐரோப்பியக் குளிர்காலத்து அறையில் இருபது நிமிடம், அரை மணி ஆகும். சென்னை அறையில் அதில் பாதி போதும். ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாசனை எதுவும் கிளாஸை விட்டு மேலே வராது. ஐஸ் கட்டி போடலாமா என்று கேட்ட உறவினர் ஒருவர் உண்டு. அவரிடம் இப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தனி கிளாஸ் வேண்டுமா?

பெல்ஜியத்தில் கஃபேக்காரர்கள் ஒவ்வொரு பீருக்கும் அதற்கென்று பெயர் பொறித்த கிளாஸ் வைத்திருப்பார்கள். அந்த கிளாஸ் கழுவப் போயிருந்தால், மன்னிப்புக் கேட்டுவிட்டு வேறு கிளாஸில் தருவார்கள். வீட்டில் வயிறு அகன்ற ஒயின் கிளாஸ் இருந்தால் போதும். வாசனை தங்க இடம் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிவிடாதீர்கள். நிறத்தைப் பார்க்க முடியாது, நுரையும் தெரியாது.

கிளாஸைக் கழுவுவதுதான் முக்கியம். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் நுரையைக் கொன்றுவிடும். சமையல் பாத்திரம் தேய்த்த அதே ஸ்பாஞ்சால் கிளாஸைத் தேய்த்திருந்தால், எவ்வளவு நல்ல பீர் ஊற்றினாலும் நுரை நிற்காது. தனியாகக் கழுவி, ஊற்றுவதற்கு முன்னால் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, ஈரத்தோடே பயன்படுத்துங்கள்.

ஊற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

இந்த பீர் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி ஒருமுறை நொதிக்கிறது. அதனால் வாயு அதிகம், அடியில் ஈஸ்ட் மண்டியும் இருக்கும். முதல் வருஷம் கடையிலிருந்து பாட்டிலைப் பையில் போட்டு, கல் பாவிய தெருவில் சைக்கிள் மிதித்து வந்து, வந்த கையோடு மூடியைத் திறந்தேன். மேஜை விரிப்பிலும் என் சட்டையிலும் போனது போக, கிளாஸுக்கு வந்தது பாதிதான். தப்பு முழுக்க என்னுடையது. ஒரு நாளாவது பாட்டிலை நிற்க வைத்திருக்க வேண்டும்.

கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஒரே சீராக, நிறுத்தாமல் ஊற்றுங்கள். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் மண்டி கலங்கி மேலே வந்துவிடும். கடைசி ஒரு சென்டிமீட்டரை பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். அந்த மண்டியைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. சிலர் அதைத் தனியாகச் சின்ன கிளாஸில் ஊற்றிக் கடைசியில் குடிப்பார்கள். அடித்தொண்டையில் மாவுச் சுவை, கொஞ்சம் கசப்பு. எனக்குப் பிடிக்காது, மருந்து கொடுத்த மாதிரி இருக்கும்.

சரி, குடிக்கும்போது என்னதான் தெரியும்? ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்.

போன குளிர்காலத்தில் திறந்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஊற்றியதும் நுரை பழுப்பு வெள்ளையில் இரண்டு விரல் உயரம் நின்றது. டிகிரி காபி நுரையைவிடக் கொஞ்சம் வெளிறிய நிறம். மேஜை மேல் வைத்துப் பார்த்தால் பீர் கறுப்பு; விளக்குக்கு நேரே தூக்கினால் மாதுளம்பழ ஓரம் மாதிரி சிவப்பு. நுரை மெல்ல அடங்கி, கிளாஸ் சுவரில் வளையம் வளையமாக ஒட்டிக்கொண்டது.

முதலில் மூக்குக்கு வந்தது சோம்பு மிட்டாய். கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்து வெளியே வரும்போது தட்டில் வைத்திருப்பார்களே, அந்த வாசனை. அதற்குப் பின்னால் ஊறிய திராட்சை. இரண்டு நிமிடம் விட்டு மறுபடி மோந்தேன். சோம்பு பின்னால் போய் அதிமதுரம் வந்திருந்தது. இருமலுக்கு அம்மா வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்ன அந்தக் குச்சி. இனிப்பா, மண்ணா, மரமா என்று தெளிவாகச் சொல்ல முடியாத ஒரு வாசனை.

முதல் மிடறு சின்னதாக. நாக்கு நுனியில் கருப்பட்டி. நடு நாக்குக்கு வரும்போது வாயு அதைக் கலைத்துவிடுகிறது. விழுங்கிய பிறகுதான் மசாலா எழுந்து வந்தது. நாக்கில் இல்லை, மூக்கின் பின்பக்கமாக. வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விட்டுப் பாருங்கள், அதுவரை தெரியாமல் இருந்ததெல்லாம் அந்த மூச்சில் வரும். கடைசியில் நெஞ்சில் இளஞ்சூடு. அது ஆல்கஹால்.

பாதி கிளாஸ் ஆனபோது பீர் அறைச் சூட்டுக்கு வந்துவிட்டது. இப்போது அது வேறு பீர். சோம்பு போன இடம் தெரியவில்லை, நார்த்தங்காய்த் தோல் மாதிரி ஒரு கசப்பும் பேரீச்சம்பழமும் வந்து உட்கார்ந்துகொண்டன. இதற்காகத்தான் அவசரமாகக் குடிக்க வேண்டாம் என்கிறேன். ஒரு பாட்டிலுக்கு முக்கால் மணி நேரம் கொடுங்கள்.

குறிப்பு எழுதுகிற பழக்கம் இருந்தால் மசாலாப் பெயர்களைப் பட்டியல் போடாதீர்கள். எது முன்னால் வந்தது, எது எப்போது போனது, கடைசியில் வாயில் என்ன மிச்சம் இருந்தது என்று வரிசையை எழுதுங்கள். அடுத்த வருஷம் எடுத்துப் படித்தால் அதுதான் உதவும்.

எனக்கு இருமல் மருந்து மாதிரி இருக்கிறது. என் நாக்கில் கோளாறா?

உங்கள் நாக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. அதிமதுரம், சோம்பு, இனிப்பு, ஆல்கஹால் இந்த நான்கும் சேர்ந்தால் பழைய இருமல் டானிக்கின் சேர்மானம்தான். நினைவு அங்கே ஓடுவது இயல்பு. மூன்றில் ஒருவராவது இதைச் சொல்லாமல் என் வீட்டை விட்டுப் போனதில்லை. பாதி கிளாஸ் வரை பொறுத்துப் பாருங்கள், சிலருக்கு மாறும். மாறவில்லையென்றால் கிளாஸை என் பக்கம் தள்ளிவிடுங்கள்.

ஆனால் ஈரமான அட்டைப்பெட்டி வாசனை வந்தால் அது உங்கள் ரசனை சம்பந்தப்பட்டதில்லை. காற்றுப் பட்டு, சூட்டில் கிடந்து, பீர் கெட்டிருக்கிறது. வினிகர் மாதிரி சுள்ளென்று புளித்தாலும் இந்த வகைக்கு அது குறைதான்.

எவ்வளவு ஏறும்?

33 சென்டிலிட்டர் பாட்டில், 10.5 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 35 மில்லி சுத்த ஆல்கஹால். நம் ஊர் 650 மில்லி பெரிய பாட்டில், 5 சதவீத பீரில் இருப்பது சுமார் 32 மில்லி. அதாவது கைக்கு அடக்கமான இந்தச் சின்ன பாட்டில், ஒரு பெரிய பாட்டிலுக்கு ஒரு படி மேல். சின்னதாக இருக்கிறதே என்று இரண்டாவதைத் திறந்தால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டு வண்டி வேண்டாம். பெல்ஜியத்தில் வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு அரை கிராம்; இதில் ஒரு பாட்டிலே அதைத் தாண்ட வைக்கலாம்.

இவ்வளவு கனமான பீர் இங்கே பெருகியதற்கு ஒரு சட்டத்தையும் காரணமாகச் சொல்வார்கள். 1919-இல் வாண்டர்வெல்ட என்ற அமைச்சர் பெயரால் வந்த சட்டம், கஃபேக்களில் ஜெனீவர் போன்ற சாராய வகைகளைப் பரிமாறக் கூடாது என்றது. சாராயம் போனால் என்ன, பீரையே கனமாகக் காய்ச்சினார்கள்.

கூட என்ன சாப்பிடலாம்?

பெல்ஜியத்தில் இதற்கென்றே பிறந்த மாதிரி ஒரு குழம்பு இருக்கிறது: ஸ்டோஃப்ஃப்ளேஸ். மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு வதக்கி, கருநிற பீரை ஊற்றி மணிக்கணக்கில் வேக வைப்பார்கள். கெட்டியாக வர, கடுகு விழுது தடவிய ரொட்டித் துண்டை மேலே போட்டுக் கரைய விடுவார்கள். பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல். சட்டியில் ஊற்றியதும் கிளாஸில் இருப்பதும் ஒரே ரகம் என்பதால் தனியாகப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை.

மாமிசம் வேண்டாம் என்றால் நீலப் பூஞ்சணம் பிடித்த சீஸ். அந்த உப்புக்கும் வாடைக்கும் இந்த இனிப்பு அப்படி ஒத்துப்போகும். அல்லது கறுப்புச் சாக்லேட். பட்டை மணக்கும் ஸ்பெகுலாஸ் பிஸ்கட்டும் நன்றாக இருக்கும்.

காரசாரமான பிரியாணியோடு வேண்டாம். நானும் ஆசைப்பட்டுப் பார்த்தேன். ஆல்கஹாலும் வாயுவும் மிளகாய்க் காரத்தை இன்னும் கிளப்பிவிடுகின்றன, பீரின் மசாலா அதில் காணாமல் போகிறது. நம் பலகாரத்தில் பொருத்தம் தேடினால் அதிரசம் ஒன்றுதான் எனக்குச் சரிப்பட்டது. வெல்லப் பாகும் ஏலக்காயும் எண்ணெயில் பொரிந்த ஓரமும் சேர்ந்து, இந்த பீரோடு பேசுகிறது. முறுக்கு சும்மா கொறிக்க நல்லது, அவ்வளவே.

வாங்கி வைத்து, இரண்டு மூன்று வருஷம் கழித்துக் குடிக்கலாமா?

இந்தக் கனத்தில் தாங்கும். இந்த கிறிஸ்துமஸ் பீரை ஆகஸ்டிலேயே காய்ச்சி, சில மாதம் ஓய்வெடுக்க வைத்த பிறகுதான் வெளியே அனுப்புகிறார்கள். வீட்டில் வைப்பதானால் இருட்டு, குளிர்ச்சி, பாட்டில் நிமிர்ந்த நிலை. வெளிச்சம் பட்டால் ஹாப்பில் இருக்கும் பொருள் சிதைந்து நாற்றம் வரும். பழுப்பு பாட்டில் அதைக் கொஞ்சம் தடுக்கும், முழுக்கத் தடுக்காது.

நாள் ஆக ஆக மசாலாதான் முதலில் மங்குகிறது. மூன்று வருஷம் வைத்திருந்த ஒரு பாட்டிலில் சோம்பு போயே போய்விட்டது. பழைய ஷெரி ஒயின் மாதிரி, திராட்சை வற்றல் மாதிரி ஒரு முதிர்ச்சி இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மசாலாவுக்காக வாங்கியவருக்கு அது ஏமாற்றம். ஒன்றை இந்த வருஷமே குடியுங்கள், ஒன்றை வையுங்கள். சென்னை, மதுரைச் சூட்டில் அலமாரியில் வைப்பதானால் வைக்கவே வேண்டாம்.

ஊருக்குக் கொண்டுபோகலாமா?

இந்தியாவுக்கு ஆளுக்கு 2 லிட்டர் மதுவை வரியில்லாமல் கொண்டுவரலாம். 33 சென்டிலிட்டர் பாட்டில் ஆறு என்றால் 1.98 லிட்டர், அளந்து வைத்த மாதிரி. கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள்தான் போக வேண்டும். ஒவ்வொன்றையும் ஜீன்ஸ் பேன்ட் காலுக்குள் நுழைத்துச் சுருட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் ஃபிரிட்ஜில் நிற்க வையுங்கள், மண்டி அடங்கட்டும்.

இதே மாதிரி வேறு என்ன குடித்துப் பார்க்கலாம்?

ஆர்டென் மலைப்பக்கத்தில் அஷூஃப் என்ற கிராமத்திலிருந்து வரும் நைஸ் ஷூஃப். 10 சதவீதம், தைம் இலையும் குராசோ தோலும் போட்டது. தைமில் இருக்கும் தைமால்தான் நம் ஓமத்திலும் முக்கியமான வாசனைப் பொருள். ஆகவே முதல் மோப்பத்தில் ஓமவாட்டர் நினைவு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இதைப் பிடித்தவர்களும் உண்டு, ஒரே மோப்பத்தில் தள்ளி வைத்தவர்களும் உண்டு. நடுவில் யாரையும் பார்த்ததில்லை.

வாட்டூ ஊரின் சிந்த் பெர்னார்டஸ் கிறிஸ்துமஸ் ஏலும் 10 சதவீதம்தான், கொஞ்சம் மெதுவான சுபாவம். ரோஷ்ஃபோர் 10-இல் 11.3 சதவீதம். அதில் மசாலா ஒளிந்திருக்கும், சாக்லேட்டும் அத்திப்பழமும் முன்னால் நிற்கும். மூன்றில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். அதை ஒரே ராத்திரியில் மற்றவற்றோடு சேர்த்துக் குடித்தால் மற்றவை பாவம்.

பன்னபாட் என்று ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். டி பன்ன கடற்கரையின் பழைய தட்டையடி மீன்பிடிப் படகுகளின் பெயர் அது. டி ஸ்ட்ரூய்ஸ என்ற சிறிய ஆலை காய்ச்சுவது. லேபிளில் வருஷம் போட்டிருப்பார்கள், ஒரு வருஷத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியும்.

சாதாரண பீரில் நானே பட்டை, கிராம்பு போட்டுப் பார்க்கட்டுமா?

உங்கள் பீர், உங்கள் இஷ்டம். ஆனால் வாயு போய்விடும், லாகர் என்கிற அந்தச் சாதாரண வெளிர் பீரில் மசாலாவைத் தாங்குகிற உடம்பும் கிடையாது. மசாலா ஊறிய தண்ணீர் மாதிரிதான் இருக்கும். சூடான மசாலா பீர்தான் ஆசையென்றால் லீஃப்மன்ஸ் ஆலை குளூக்ரீக் என்று செர்ரிப் பழ பீரில் மசாலா போட்டு, சுட வைத்துக் குடிப்பதற்கென்றே விற்கிறது. கிறிஸ்துமஸ் சந்தையில் கையுறை போட்ட கையோடு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

குடிக்காதவர் ஒருவரும் கூட வருகிறார். அவருக்கு?

கிளாஸை மோந்து பார்க்கச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார். என் சித்தி ஒரு சொட்டும் தொடாதவர். கிளாஸை வாங்கி ஒரே ஒரு முறை மோந்துவிட்டு, “இதுல சுக்கு கொஞ்சம் பத்தலடா” என்று திருப்பிக் கொடுத்தார்.